போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போச்சு?

அன்புள்ள பாப்பா,

உன் செய்தியை நேற்று ராத்திரி பார்த்தேன். மறுபடியும் ஏசியில் கேஸ் தீர்ந்துவிட்டதாம், வருஷா வருஷம் இப்படித்தான் ஆகுமாம், மெக்கானிக் நாளைக்கே வந்து போட்டுவிடுவாராம், போடச் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் கேஜும் ஸ்பேனருமாக மொட்டைமாடிகளில் காய்ந்தவனிடம் கேட்டுவிட்டாய். கடிதமாகத்தான் வரும்.

உங்கள் ஊர் வீட்டு ஃப்ரிட்ஜை நினைத்துப்பார். நீ பிறந்த வருஷம் உன் அப்பா வாங்கியது. கதவு ரப்பர் ரெண்டு தடவை மாறியது, பல்பு எத்தனையோ தடவை மாறியது. கேஸ் போட யாராவது வந்தார்களா? அதன் குழாய்க்குள்ளும் கேஸ்தான் சுற்றுகிறது. அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறி, மூடிய குழாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசியிலும் அதே கதைதான். மாட்டிய அன்றே குறைவாகப் போட்டிருந்தால் தவிர, கேஸ் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அப்படியானால் ஃப்ரிட்ஜுக்கு வராத நோய் ஏசிக்கு மட்டும் ஏன் வருகிறது? ஃப்ரிட்ஜ் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து, மூடி, சோதித்து வருகிறது. ஸ்ப்ளிட் ஏசி பாதி தொழிற்சாலையில், மீதி உன் சுவரில். செம்புக் குழாயின் வாயை விரித்து நட்டுப் போட்டு இறுக்குவோமே, ஃப்ளேர் நட், அது இன்டோரில் ரெண்டு, அவுட்டோரில் ரெண்டு. மே மாத வெயிலில், ஒரே நாளில் ஆறாவது வீட்டில், ஏணியில் நின்றுகொண்டு ஒருவன் அதை இறுக்குகிறான். கொஞ்சம் தளர்ந்தாலும் கசியும், கூடுதலாக இறுக்கினால் விரித்த வாய் கீறிக் கசியும்.

நானும் உத்தமன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்கு நாலு கோடை தொடர்ந்து கேஸ் போட்டேன். காசு வாங்கினேன், மோர் குடித்தேன், வந்துவிட்டேன். நாலாவது வருஷம் அந்த வீட்டுப் பாட்டி கேட்டார்: "ஏம்ப்பா, போன வருஷம் போட்டியே, அது எங்கே போச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று சாயங்காலம் சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். இன்டோர் யூனிட்டின் பின்பக்கம் ஒரு நட்டில் குமிழி வந்தது. பத்து நிமிஷ வேலை.

முதலில் உண்மையிலேயே கேஸ்தான் குறைந்திருக்கிறதா என்று பார். குளிர் வரவில்லை என்றாலே "கேஸ் போச்சு" என்பது எங்கள் ஆட்களின் தேசிய கீதம். ஃபில்டரில் தூசி அடைத்திருந்தாலும் குளிராது. அவுட்டோர் ஃபேனின் கெபாசிட்டர் தேய்ந்திருந்தாலும், வெளிக் காயிலில் புறா கூடு கட்டியிருந்தாலும் குளிராது. ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, காயவைத்து மாட்டு. இருபது நிமிஷம் ஓடவிட்டு, முன்மூடியைத் தூக்கி உள்ளே காயிலைப் பார். டார்ச் அடித்துப் பார்.

காயில் முழுவதும் ஒரே சீராகப் பனி படர்ந்திருந்தால் பெரும்பாலும் காற்றோட்டக் குறை: ஃபில்டர், ஃபேன், அழுக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் பனி, மீதிக் காயில் வறண்டு வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைவு. காரணம் சொல்கிறேன். ஊசி போடுமுன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்குமே, ஆவியாகப் போகிற திரவம் உன் தோலின் சூட்டைப் பறித்துக்கொண்டு போகிறது. காயிலுக்குள் நடப்பதும் அதுதான். உன் ஏசியில் ஓடும் ஆர்-32 என்ற கேஸ் திறந்த வெளியில் மைனஸ் 52 டிகிரியிலேயே கொதிக்கும். காயிலுக்குள் அழுத்தத்தைச் சரியாக வைத்தால் பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே கொதிக்கும். காயில் குளிரும், ஈரம் வியர்வையாகச் சொட்டும். கேஸ் குறைந்தால் அழுத்தம் இறங்கும், கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும், நுழைகிற இடத்தில் வியர்வை உறையும். இருக்கிற கொஞ்சம் திரவமும் அங்கேயே ஆவியாகிவிடுவதால் மீதிக் காயிலுக்கு வேலை இல்லை. அவுட்டோர் அருகே ரெண்டு குழாய் தெரியும். சாதாரண ஏசியில் தடித்த குழாய் வியர்த்துச் சில்லென்று இருக்க வேண்டும். அது வறண்டு, மெல்லிய குழாயில் பனி பிடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உன்னுடையது இன்வெர்ட்டர். அது கெட்டிக்கார மெஷின், அதனாலேயே ஏமாற்றும். கேஸ் குறையும்போது கம்ப்ரசரை வேகமாக ஓட்டிச் சமாளிக்கும். அறை குளிர்வது போலவே இருக்கும், கரண்ட் பில் மட்டும் ஏறும்.

குறைந்த கேஸோடு ஓட்டாதே, இது முக்கியம். திரும்பி வருகிற குளிர்ந்த ஆவிதான் கம்ப்ரசர் மோட்டாரையும் குளிர்விக்கிறது. ஆயிலும் அந்த ஓட்டத்தோடுதான் திரும்புகிறது. அது இல்லையென்றால் கம்ப்ரசர் வெந்துவிடும். ஓட்டை அடைக்கும் செலவுக்கும் கம்ப்ரசர் மாற்றும் செலவுக்கும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம்.

இனி மெக்கானிக் தம்பி வந்தால் என்ன செய்யவேண்டும்? முதலில் எண்ணெய்க் கறை தேடட்டும். கேஸோடு கொஞ்சம் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டிப் பிசுக்காகத் தெரியும். பிறகு நைட்ரஜன். மிச்ச கேஸை எடுத்துவிட்டு, உலர்ந்த நைட்ரஜனை கம்பெனி சொல்லும் அழுத்தத்துக்கு ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது. கேஜ் முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும். நைட்ரஜன் இல்லை, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, அதில் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டு. அழுத்தமான ஆக்சிஜனும் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தால் வெடிக்கும். அதே போல, ஓட்டை இருக்கிற மெஷினில் கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டுகிறேன் என்று கம்ப்ரசரை ஓட்டுவதும் கூடாது. ஓட்டை வழியாக வெளிக்காற்றும் உள்ளே வரும். காற்றும் ஆயிலும் சேர்ந்து அழுத்தப்பட்டால் அதுவும் வெடிதான்.

ஓட்டையை அடைத்த பிறகு வேக்கும். இதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிப்பார்கள். குழாய்க்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். கொடைக்கானலில் பருப்பு வேக நேரமாகும் என்று உன் பெரியம்மா அலுத்துக்கொள்வாளே, அங்கே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்தால் அறைச் சூட்டிலேயே தண்ணீர் ஆவியாகும். வேக்கும் பம்ப் அப்படித்தான் ஈரத்தை வெளியேற்றுகிறது. அதற்கு அரை மணியாவது வேண்டும். பம்ப் இல்லாமல், கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை ஊதித் தள்ளுவார்கள் சிலர். உன் மெஷினில் அது ஆபத்து, ஆர்-32 மெதுவாகவேனும் தீப்பிடிக்கக் கூடியது.

கடைசியில்தான் கேஸ், அதுவும் தராசில் வைத்து. அவுட்டோர் ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சடித்திருக்கும். பழைய ஆர்-22 மெஷினில் ஓடும்போது கேஜில் 60, 70 பி.எஸ்.ஐ. வந்தால் சரி என்று கண்ணளவில் விடுவோம். புதிய கேஸ்களான ஆர்-32, ஆர்-410ஏ இரண்டிலும் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல். இன்வெர்ட்டரிலோ கம்ப்ரசர் வேகத்தோடு முள்ளும் ஆடும். எடைதான் பேசும். ஸ்டிக்கரில் உள்ள பெயரைத் தவிர வேறு கேஸ் உள்ளே போகக் கூடாது. சமையல் கேஸை ஏற்றுகிற மகான்களும் உண்டு. ஆர்-290 என்று புரொப்பேனிலேயே ஓடுகிற ஏசி கடையில் கிடைக்கிறது, வாஸ்தவம். ஆனால் அதை அதற்கென்றே வடிவமைக்கிறார்கள். உன் படுக்கையறையில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

நீ பேப்பர் படிக்கிற பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன். ஆர்-22 வானத்து ஓசோனை அரிக்கும். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியில் நம் நாட்டிலும் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. ஆர்-32 ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும்: நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். நான் மயிலாப்பூர் மாடியில் நாலு கோடை விட்டது ஆர்-22. அதன் கணக்கு 1,800-க்கு மேல். பாட்டி கேட்ட கேள்விக்கு முழுப் பதில் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொரு சந்தேகம். உன் வீடு பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துப் பக்கம். சாக்கடை தேங்கும் இடங்களில் அழுகிய முட்டை நாற்றம் வருமே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைத் தின்னும். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் ரெண்டு வருஷத்தில் கறுத்துப் பொத்தலான கூலிங் காயில்களைக் கழற்றியிருக்கிறேன். அப்படியானால் நட்டை இறுக்கிப் பயனில்லை. ஒரு பொத்தலைப் பற்றவைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று வரும். காயிலையே மாற்ற வேண்டும். வாரன்ட்டி கார்டை எடுத்துப் பார், சில கம்பெனிகள் காயிலுக்குத் தனியாக வருஷம் தருகின்றன. ஏசி வீட்டுக்காரருடையது என்பதால் இதை அவரிடம் பேசு. இதுவரை கேஸ் போட்ட மூன்று வருஷ ரசீதையும் கையில் வைத்துக்கொண்டு பேசு.

ஸ்டிக்கரைப் படம் எடுத்து இன்றே அனுப்பு. தம்பி வந்ததும், கேஜ் மாட்டுவதற்கு முன்னால், எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடு. திட்ட மாட்டேன்.

அன்புடன்,
பெரியப்பா

பி.கு.: உன் வெள்ளிக் கொலுசு அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து சீக்கிரம் கறுக்கிறதா? செம்பைத் தின்னும் அதே காற்றுதான் வெள்ளியையும் கறுக்க வைக்கும். பார்த்துச் சொல்.