நல்ல நோக்கம் தீச்செயலை நன்மையாக்குமா?



2002-ம் ஆண்டு ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பணத்துக்காகக் கடத்தப்பட்டான். பிடிபட்டவன் பிள்ளை இருக்குமிடத்தைச் சொல்ல மறுத்தான். பிள்ளை உயிரோடிருப்பதாக எண்ணிய போலீஸ் உயர் அதிகாரி, கைதியைக் கடும் வேதனைக்குள்ளாக்குவோம் என்று மிரட்டும்படி உத்தரவிட்டார். இது நியாயமா?

பலனைக் கொண்டு தீர்ப்பிடுவோர், ஒருவனுடைய நோவைவிடப் பிள்ளையின் உயிர் பெரிது என்பார்கள். ஆனால் பலனை முன்னறிபவர் யார்? கைதி அஞ்சி உண்மையைச் சொன்னான். பிள்ளையோ ஏற்கெனவே கொல்லப்பட்டிருந்தான்.

கடமையைக் கொண்டு தீர்ப்பிடும் கான்ட் என்னும் சாஸ்திரியின் வழியில் நிற்போர், குற்றவாளியும் மனிதனே, அவனை வெறும் கருவியாக்கலாகாது என்பார்கள். புண்ணியத்தைக் கவனிப்போரோ, வதைக்கிறவன் எப்படிப்பட்டவனாகிறான் என்று கேட்பார்கள்.

2004-ல் நீதிமன்றம் அந்த அதிகாரியைக் குற்றவாளி என்றே தீர்ப்பிட்டது. ஆனால் அவருடைய நோக்கத்தை எண்ணித் தண்டனையை மிகவும் குறைத்தது. நோக்கம் குற்றத்தின் பாரத்தைக் குறைக்கலாம், குற்றத்தை நன்மையாக்காது.

திருச்சபையும் இதைத் தாமதமாகவே தெளிந்தது. 1252-ல் பாப்பரசர் 4-ம் இன்னொசென்ட், பதிதரிடம் வாக்குமூலம் பெற வதையை அனுமதித்தார். 1965-ல் 2-ம் வத்திக்கான் சங்கம், உடலையும் மனத்தையும் வதைப்பதை இழிசெயலென்று கண்டித்தது.

ஆகையால், காவலில் ஒருவன் அடிபட்டானென்று கேட்கையில், "அவனுக்கு வேண்டியதுதான்" என்று சொல்லுமுன் சற்றே நில்லுங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.