பொம்மையில் பிரசவம் பழகலாமா? - சிமுலேஷன் ஓர் அறிமுகம்

நாமக்கல் பக்கம் லாரி ஓட்டப் பழக வரும் பையனிடம் முதல் நாளே லோடு வண்டியைக் கொடுத்து, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஏறி வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் காலி மைதானம், பிறகு காலி வண்டி, கடைசியில்தான் மலை. ஆபத்தில்லாத இடத்தில், நிஜம் போன்ற சூழ்நிலையை உண்டாக்கிப் பழகுவதைத்தான் சிமுலேஷன் என்கிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் விளையாடும் கார் ரேஸும், 1982ல் முதலில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் இந்த வகைதான்.

இதே முறை பிரசவ அறையில் உயிர்களைக் காப்பாற்ற எப்படி உதவுகிறது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நான் மென்பொருள் பொறியாளர், மருத்துவர் அல்ல. அதனால் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட பகுதியைச் சற்று விரிவாகவும், மருத்துவத்தைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

எந்தப் பிரசவம்?

பொதுவாகக் குழந்தையின் தலைதான் முதலில் வெளியே வரும். மாதம் நிறைந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கில் மட்டும் குழந்தையின் பிட்டமோ காலோ கீழே இருக்கும். ஆங்கிலத்தில் இதை ப்ரீச் என்பார்கள். இதில் உடம்பு முதலில் வந்துவிடும், பெரிய பாகமான தலை கடைசியில் வரும். அந்த நேரத்தில் தொப்புள்கொடி அழுந்துவதால், தலை சிக்கிக்கொண்டால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான்.

எக்செல்லில் ஒரு சின்ன சிமுலேஷன்

இப்படிப்பட்ட பிரசவம் ஒரு செவிலியருக்கு எத்தனை முறை வரும்? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. எக்செல்லைத் திறந்து முதல் செல்லில் சமக்குறி போடுங்கள். இடைவெளி விடாமல் ஆர், ஏ, என், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, ஒரு அடைப்புக்குறியைத் திறந்து உடனே மூடி, என்டர் அழுத்துங்கள். 0க்கும் 1க்கும் இடையில் ஏதோ ஒரு எண் வரும்.

2. அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து 100வது வரிசை வரை இழுத்து விடுங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு பிரசவம்.

3. நூறு செல்களையும் தேர்வு செய்து, ஹோம் டேபில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் என்று வரிசையாகச் சென்று 0.04 கொடுங்கள். நிறம் மாறிய செல்கள் எல்லாம் ப்ரீச்.

4. இப்போது எஃப் 9 கீயை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிதாக நூறு பிரசவங்கள் கிடைக்கும். ஒரு முறை நான்கு, ஒரு முறை ஒன்று, ஒரு முறை ஏழு என்று மாறி மாறி வரும்.

அடுத்து, முதல் 10 வரிசைகளை மட்டும் கவனியுங்கள். மாதம் பத்துப் பிரசவம் நடக்கும் ஒரு சிறிய ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்வோம். எஃப் 9ஐ மூன்று முறை அழுத்தினால் சராசரியாக இரண்டு முறை ஒன்றுமே நிறம் மாறாது. முன்கூட்டியே தெரிந்த ப்ரீச்சைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால், உண்மையில் இதைவிடவும் அபூர்வம். ஆனால் வலி முற்றிய நிலையில் ஒரு பெண் வந்துவிட்டால், அங்கே இருப்பவர்தான் பார்த்தாக வேண்டும்.

ஏன் பழக்கம் குறைந்தது?

26 நாடுகளில் 2,088 பெண்களைக் கொண்டு நடந்த ஒரு பெரிய ஆய்வு 2000ல் வெளியானது. குழந்தை இறப்பும் கடுமையான பாதிப்பும் சேர்த்து, திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், திட்டமிட்ட சுகப்பிரசவத்தில் 5 சதவீதம் என்று அது சொன்னது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரைப் பரிசோதித்தபோது இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் உலகம் முழுக்க சிசேரியன் கூடிவிட்டது. நேரில் பார்த்துக் கற்கும் வாய்ப்பு இளம் டாக்டர்களுக்குக் குறைந்தது. அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் பொம்மை.

பொம்மைக்குள் என்ன இருக்கிறது?

இடுப்பெலும்பு வடிவம் கொண்ட தாய் பொம்மை ஒன்று, கைகால் மடங்கும் குழந்தை பொம்மை ஒன்று. யோசனை பழையது. 1759ல் பிரான்ஸ் மன்னரின் உத்தரவு பெற்ற மருத்துவச்சி மேடம் து குத்ரே, துணியாலான பொம்மையோடு ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார்.

இன்றைய சில பொம்மைகளில் சென்சார் உண்டு. குழந்தையை எவ்வளவு விசையோடு இழுக்கிறோம் என்பதை அது மின் சமிக்ஞையாக மாற்றும். அதை எண்ணாக்கி கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், திரையில் வரைபடம் ஓடும். பயிற்சியாளர் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். அவர் ஒரு பட்டனைத் தட்டினால் மானிட்டரில் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும். பழகுபவருக்குப் பதற்றம் வரும். அந்தப் பதற்றத்தில் கை நடுங்காமல் வேலை செய்வதுதான் பாடம்.

பழகுவது என்ன?

முதல் பாடம், இழுக்காதே. உடம்பு தானாக வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தேவைப்பட்டால் குழந்தையின் இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டும், வயிற்றைப் பிடிக்கக் கூடாது. கை மாட்டினால் உடலைத் திருப்பி விடுவிக்கும் முறை, தலையை மார்புப் பக்கம் குனிய வைத்து எடுக்கும் முறை என்று ஒவ்வொன்றையும் பல தடவை செய்வார்கள். முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, எந்த இடத்தில் தாமதம், யார் யாரிடம் என்ன சொன்னார் என்று பேசுவார்கள். பாதிப் பாடம் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

ப்ரீச் பிரசவம் பார்க்கும் எல்லா டாக்டர்களும் மருத்துவச்சிகளும் இப்படிப் பழக வேண்டும் என்று 2017ல் வந்த பிரிட்டன் மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டி சொல்கிறது. பலன் உண்டா? குழந்தையின் தோள் சிக்கும் இன்னொரு அவசரநிலையில், பிரிஸ்டல் நகர மருத்துவமனையில் பயிற்சிக்குப் பின் குழந்தைகளுக்குக் காயம் 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது. இந்த முடிவு 2008ல் வெளியானது.

நம் நாட்டில்

விலை உயர்ந்த பொம்மை கட்டாயமில்லை. பீகாரில் கிராமப்புறச் செவிலியர்களுக்கு நடந்த பயிற்சியில், ப்ரான்டோ அமைப்பு மாற்றித் தைத்த ஒரு பேன்ட்டைப் பயன்படுத்தியது. ஒருவர் அதை அணிந்து தாயாக நடிப்பார். வலியில் கத்துவார், கேள்வி கேட்பார். சில இடங்களில் மென்பொருளைவிட மனிதரே நல்ல சிமுலேட்டர்!

கொல்லிமலையிலிருந்து ஒரு கர்ப்பிணியை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டுவர மலைப்பாதையின் வளைவுகளில் இறங்க வேண்டும். 2008ல் தமிழகத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸிலேயே பிறக்கும் குழந்தைகள் உண்டு. இந்தப் பயிற்சி அந்த வண்டியில் இருக்கும் ஊழியருக்கும், மலையில் வேலை பார்க்கும் செவிலியருக்கும்தான் முதலில் தேவை.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

வீடியோவைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க ஒருபோதும் முயலாதீர்கள். உங்கள் வீட்டில் கர்ப்பிணி இருந்தால், 36வது வாரப் பரிசோதனையில் 'தலை கீழே இருக்கிறதா?' என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால், வயிற்றின் மேல் கை வைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை பொருந்துமா, எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்பதை அப்போதே பேசி முடிவு செய்யுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ வலி வந்தாலோ தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள். குழந்தை திரும்பவில்லை என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.