நிலத்தடியில் திசை அறிதல்

நுழையும்முன்
2023 ஜூனில் போடிநாயக்கனூரிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேரடித் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து உயர்கல்வி நாடித் தலைநகரம் செல்லும் மாணவர், அங்கு இறங்கியதும் நிலத்தடி மெட்ரோ நிலையத்தை எதிர்கொள்கிறார்.

கம்பத்தில் நின்றால் கிழக்கே மேகமலையும் மேற்கே ஏலமலையும் திசை சொல்லும். நிலத்தடியில் மலையும் இல்லை, வெயிலும் இல்லை. அங்கே திசை சொல்பவை இரண்டு: வழித்தடத்தின் நிறம், வண்டியின் இறுதி நிலையப் பெயர்.

சென்ட்ரலில் இரு வழித்தடங்கள் சந்திக்கின்றன. நீலவழி, விம்கோ நகரையும் விமான நிலையத்தையும் இணைக்கிறது. பச்சைவழி, எழும்பூர், கோயம்பேடு வழியாகப் பரங்கிமலையை அடைகிறது. நேர்காணலுக்காகக் கிண்டிக்குச் செல்லும் மாணவி, நீலவழியில் ‘விமான நிலையம்’ என்னும் பலகை கண்டு ஏற வேண்டும்.

தவறிப் பச்சைவழியில் ஏறிவிட்டால்? கலங்க வேண்டியதில்லை. இரு வழிகளும் ஆலந்தூரில் மீண்டும் சந்திக்கின்றன. அங்கு இறங்கி, விம்கோ நகர் செல்லும் வண்டியில் ஏறினால் அடுத்த நிலையமே கிண்டி. சுற்று வழியால் நேரம் கூடும், ஊர் தவறாது. ஆகவே, குறித்த நேரத்திற்குச் செல்வோர் சற்று முன்னதாகவே புறப்படுதல் நலம்.

தெரிந்து தெளிவோம்
சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கப்பட்டது. அதன் முதல் சுரங்கப் பகுதி, 2017 மே 14 அன்று திருமங்கலம் – நேரு பூங்கா இடையே திறக்கப்பட்டது.