சாவி இல்லாதவன் கண்ணால் பார்

அன்புத் தங்கைக்கு,

குறியாக்கப் பணியில் சேர்ந்துவிட்டாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பி.ஆர்.எஃப். என்கிற போலிச் சமவாய்ப்புச் சார்பைச் சூத்திரமாக மட்டும் படிக்காதே. சாவி தெரியாமல் வெளியே நிற்பவனின் கண்ணால் அதைப் பார்த்துப் பழகு.

உன் கைப்பேசியில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையே எடுத்துக்கொள். சர்வரிடமும் செயலியிடமும் ஒரே சாவி. இத்தனையாவது 30 விநாடி என்ற கணக்கு, ஷா-1 ஹாஷ் கொண்ட ஹெச்மேக் என்னும் பி.ஆர்.எஃப்.-க்குள் சாவியோடு போகிறது. 20 பைட் வெளியே வருகிறது. கடைசி பைட்டின் கடைசி நான்கு பிட், எங்கே வெட்டுவது என்று காட்டும். அங்கிருந்து நான்கு பைட் எடுத்து, முதல் பிட்டைக் கழித்து, பத்து லட்சத்தால் வகுத்தால் வரும் மீதிதான் திரையில் தெரிகிறது. நேரம் ஊருக்கே தெரியும். பழைய எண்கள் சிலவற்றை எவனோ எட்டிப் பார்த்திருக்கலாம். அப்படியும் அடுத்த எண் அவனுக்குப் பிடிபடக் கூடாது.

1984-இல் கோல்ட்ரைக், கோல்ட்வாசர், மிகாலி மூவரும் இதை ஒரு பரீட்சையாக வகுத்தார்கள். எதிராளி விரும்பியதையெல்லாம் கேட்கலாம். வருவது சாவி வைத்துக் கணக்கிட்ட விடையா, ஒவ்வொரு புதுக் கேள்விக்கும் காசு சுண்டி எழுதிய விடையா என்று அவனால் பிரித்தறிய முடியக் கூடாது. இத்தனை தாராளமாக எதிராளிக்கு இடம் கொடுத்த வரையறை என்பதால்தான் எனக்கு அதன்மேல் அவ்வளவு மதிப்பு.

பி.ஆர்.எஃப். வேண்டுமென்றால், சாவியைச் செய்திக்கு முன்னால் ஒட்டி எம்டி5, ஷா-256 போன்ற ஹாஷில் போட்டால் போதுமே என்று உனக்கும் தோன்றும். ஃபிளிக்கரின் ஏபிஐ கையொப்பம் அப்படித்தான் இருந்தது. 2009-இல் தாய் துவோங், ஜூலியானோ ரிஸோ இருவரும் அதை உடைத்துக் காட்டினார்கள். இந்த ஹாஷ்கள் செய்தியைத் துண்டு துண்டாக உள்வாங்கி, கடைசி உள்நிலையை அப்படியே விடையாகத் தந்துவிடுகின்றன. ஒரு பழைய கையொப்பமும், சாவியும் செய்தியும் சேர்ந்த நீளமும் தெரிந்தவன், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து தன் சொற்களைச் சேர்த்து, சாவியே இல்லாமல் புதுக் கையொப்பம் போட்டுவிடுவான். ஹெச்மேக் சாவியோடு இரண்டாம் முறையும் ஹாஷ் செய்வது இந்த வழியை அடைக்கத்தான்.

ஏஇஎஸ் போன்ற தொகுதிக் குறியாக்கிகளை பி.ஆர்.எஃப். ஆகப் பயன்படுத்தும்போது தரவின் அளவையும் பார். ஒரே சாவியில் வெவ்வேறு உள்ளீடுகளுக்கு அவை ஒருபோதும் ஒரே விடையைத் தருவதில்லை; காசு சுண்டி எழுதினால் எப்போதாவது ஒரே விடை வரும். 64 பிட் தொகுதியுள்ள ட்ரிபிள் டெஸ்ஸில் சுமார் 430 கோடி தொகுதிகளில், அதாவது 32 ஜிபியில், இந்த வித்தியாசம் வெளிப்படத் தொடங்கும். 2016-இன் ஸ்வீட்32 தாக்குதல் இந்த வரம்பைத்தான் பயன்படுத்தியது. ஆகவே ஒரு சாவி எவ்வளவு தரவுக்குத் தாங்கும் என்பதை வடிவமைப்பு ஆவணத்திலேயே எழுதிவிடு. சாவியை மாற்றும் நிரலையும் முதல் வெளியீட்டிலேயே சேர்த்துவிடு.

அன்புடன்,
அண்ணன்