கான்கிரீட்டிலுள்ள இரும்புக் கம்பியைத் துருவினின்றும் காத்தல்

நாஞ்சில் நாட்டில் முற்காலத்து மடைகளும் மதகுகளும் கருங்கல்லினாலும் சுண்ணாம்புக் காரையினாலும் அமைந்தவை. இக்காலத்திலோ வாய்க்காற் பாலம், நீர்த்தொட்டி, உரக்கிடங்கு முதலிய யாவும் கம்பியிட்ட கான்கிரீட்டினால் கட்டப்படுகின்றன. பரளியாற்றின் குறுக்கே 1966-ல் கட்டப்பட்ட மாத்தூர் தொட்டிப்பாலமும் இவ்வகையினதே. இக்கட்டடங்களுக்குக் கருங்கல்லுக்கில்லாத சத்துரு ஒன்று உண்டு, அதுவே துரு.

துருவின் காரணம்

சிமெண்டு மிகுந்த காரத்தன்மை உடையது. அக்காரத்தினால் கம்பியின்மேல் மெல்லிய ஆக்ஸைடுப் படலம் ஒன்று உண்டாகி இரும்பைக் காக்கின்றது. குளோரைடு உப்பு உட்புகின் அப்படலம் அழியும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் நாளடைவில் காரத்தைக் குறைக்கும். துருவானது தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கொள்வதாதலின், கான்கிரீட் வெடித்து உதிர்கின்றது.

உப்பு வரும் வழிகள் பல. கடற்காற்று ஒன்று, பழையாறு கடலொடு கலக்கும் மணக்குடிப் பக்கத்து உவர்நீர் மற்றொன்று, கழுவாத கடல்மணல் பிறிதொன்று. பொட்டாஷ் உரமெனப்படும் பொட்டாசியம் குளோரைடில் நிறையிற் பாதிக்குச் சற்றுக் குறைய குளோரைடே என்பதையும் விவசாயிகள் அறிதல் வேண்டும்.

தடுப்பு மருந்து

கான்கிரீட் கலக்கும்போது கால்சியம் நைட்ரைட் என்னும் ரசாயனத்தைச் சேர்ப்பின், அது கம்பியின்மேற் படலத்தை உறுதிப்படுத்தித் துருவைத் தாமதப்படுத்தும். உப்பு எவ்வளவு வருமென்று மதித்து அதற்கேற்ப அளவிடல் வேண்டும். அளவு குறைந்தால் துரு ஓரிடத்திலேயே ஆழக் குழிபறிக்கும். ஆதலின் பொறியாளரைக் கேளாது இடலாகாது.

காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார், கம்பியின் துருவைப் போக்கி, தடுப்பு மருந்து கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூசும் முறையொன்றைக் கண்டனர். இது கான்கிரீட் இடுமுன் செய்யத்தக்கது.

கவனிக்கவேண்டியவை

1. மருந்து நல்ல வேலைக்குத் துணையேயன்றி மாற்றன்று. கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருத்தல் வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு இந்தியத் தரவிதி. உப்புத்துளி நேரே தெறிக்குமிடத்தில் 50 மில்லிமீட்டர் வேண்டும்.

2. 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு நீர் 22½ லிட்டருக்கு மிகலாகாது. கொத்தர் எளிதிற் பரப்புதற்பொருட்டு நீரை மிகுப்பின் கான்கிரீட்டில் நுண்துளைகள் பெருகி உப்புக்கு வழியாகும்.

3. கலக்கும் நீர் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட குளோரைடு உடையதாயின் கம்பியிட்ட வேலைக்கு ஆகாது. உவர்க்கிணற்று நீரைச் சோதித்தே பயன்படுத்துக.

4. ஏழு நாளேனும் ஈரம் உலராமற் காத்தல் வேண்டும்.

5. உரமூட்டைகளைத் தரைமீது வையாது பலகைமேல் அடுக்குக. சிந்தியதை உடனே கூட்டியள்ளுக.

6. நைட்ரைட் கால்நடைகளுக்கு நஞ்சு. அதனைத் தீவனத்தோடு வைத்தலும், கலம் கழுவிய நீரை மாடு குடிக்குமிடத்தில் ஊற்றுதலும் கூடா.

பழைய கட்டடத்தில் கம்பி நெடுகச் செந்நிறக் கீற்று தோன்றின், மேலே சாந்து பூசி மறைப்பதால் பயனில்லை. துரு உள்ளே வளரும். உதிர்ந்த பாகத்தை வெட்டி, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாய் இட்டு மூடுதலே முறை. கிராம அதிகாரிகள் ஆண்டுதோறும் மழைக்கு முன் தத்தம் எல்லையிலுள்ள மதகுகளையும் பாலங்களையும் பார்வையிட்டு, இக்குறி கண்டவுடன் மேலிடத்திற்கு எழுதுவாராயின், சிறு செலவில் பெருஞ்சேதம் தவிரும். கடைமடை வயலுக்கும் நீர் தவறாது செல்லும்.