வயதானவர்களும் 'நரம்பு மாத்திரை'யும்: எதை நிறுத்தக்கூடாது? எதை நீட்டக்கூடாது?

"இங்கிலீஷ் மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திட்டேன் டாக்டர். இனிமே உங்க மருந்துதான்!"

சித்த மருத்துவரான என்னிடம் வரும் பெரியவர்கள் பலர், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல இதைச் சொல்கிறார்கள். மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சாப்பிட்டு வந்த மாத்திரையையும் அதோடு சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். நான் நாடி பார்ப்பதற்கு முன் கேட்பது இதைத்தான்: "பழைய சீட்டைக் காட்டுங்க. எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?"

காரணம் இருக்கிறது. நம் வீடுகளில் 'நரம்பு மாத்திரை', 'தூக்க மாத்திரை' என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் முற்றிலும் வேறான இரண்டு வகைகள் உண்டு. ஒன்று மெதுவாக வேலை செய்யும்; பல மாதங்கள் விடாமல் சாப்பிட வேண்டும். இன்னொன்று உடனே வேலை செய்யும். சில வாரங்களில் முடித்துக்கொள்ள வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பலன் தெரியவில்லை என்று முதல் வகையைப் பத்தே நாளில் விட்டுவிடுகிறோம். நன்றாகத் தூக்கம் வருகிறது என்று இரண்டாவது வகையை வருடக்கணக்கில் பிடித்துக்கொள்கிறோம். தொல்லை முழுவதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெதுவாக வேலை செய்யும் மாத்திரை

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், மிர்ட்டசபின் போன்றவை மனச்சோர்வுக்கான மருந்துகள். இவற்றில் பலவற்றை நீடித்த பதற்றத்துக்கும் கொடுப்பார்கள். இவை இன்று சாப்பிட்டு நாளை குணம் தரும் சமாச்சாரம் அல்ல. பலன் தெரியத் தொடங்கவே 2 முதல் 4 வாரங்கள் ஆகும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரங்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் 12 வாரங்கள்கூட ஆகலாம்.

இதில் ஒரு சங்கடம், பக்கவிளைவு முதலில் வந்துவிடும். பலன் பிறகுதான் வரும். முதல் வாரம் குமட்டல், வயிற்றுக் கலக்கம், தலைவலி, ஏன், படபடப்பே கொஞ்சம் கூடினாற்போலவும் இருக்கலாம். "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கலை" என்று பலர் தூக்கிப்போடுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் இவை அடங்கிவிடும். தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

சரி, குணமாகிவிட்டது. அப்புறம்? அப்போதும் நிறுத்தக்கூடாது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை தொடர வேண்டியிருக்கும். நோய் முன்பே வந்து போனவர்களுக்கு இன்னும் அதிக காலம் தேவைப்படும்.

"அடிமையாயிடுவேனா டாக்டர்?" என்று கேட்பவர்கள் உண்டு. சாராயத்துக்கு ஏங்குவதைப்போல இந்த மருந்துக்கு யாரும் ஏங்குவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகவும் தோன்றாது. ஆனால் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். ஆகவே, படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்கள்.

உடனே வேலை செய்யும் மாத்திரை

அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம், டையசிபாம் ஆகியவை இரண்டாவது வகை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் படபடப்பு அடங்கும், கண் சொக்கும். தேவையான நேரத்தில் குறுகிய காலத்துக்கு இவை உதவும். பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் போகாமலிருப்பதே நல்லது.

இவைதான் பழக்கமாகிவிடக்கூடியவை. வயதானவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார்கள். கால் தள்ளாடுகிறது. பாத்ரூம் ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் ஒரு குடும்பமே படும் பாட்டைச் சொல்ல வேண்டுமா? பகலில் மந்தம், ஞாபகமறதி இவையும் வரும். 'வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு' என்று நாம் நினைப்பது சில சமயம் மாத்திரையின் வேலையாக இருக்கும்.

அல்பிரசோலமும் டையசிபாமும் ஹெச்-1 பட்டியலில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. 2014 மார்ச் முதல் மருந்துக்கடையில் இதற்குத் தனிப் பதிவேடும் வைக்க வேண்டும். "பழகின கடைதான், கேட்டாக் குடுப்பார்" என்று வாங்காதீர்கள்.

ஆனால், இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள்! மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென விட்டால் கடும் பதற்றம், கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். எஸ்சிட்டலோபிராமும் குளோனசிபாமும் ஒரே மாத்திரைக்குள் சேர்ந்தும் விற்பனையாகின்றன. நீண்ட காலம் வேண்டியதும் குறுகிய காலம் போதுமானதும் ஒன்றாகவே உள்ளே போகும். உங்கள் அட்டையின் பின்புறம் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், "இதில் குளோனசிபாம் எத்தனை நாளைக்குத் தேவை?" என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

அறுபதைத் தாண்டினால் என்ன வித்தியாசம்?

வயதுக்கும் உடல்பலத்துக்கும் தக்கபடி அளவை நிர்ணயிப்பது சித்த மருத்துவத்தில் அடிப்படைப் பாடம். ஆங்கில மருத்துவமும் அதையே சொல்கிறது. வயதானால் கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தை வெளியேற்ற அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். டையசிபாம் போன்றது நாள்கணக்கில் உடம்பில் தங்கும். ஆகவே, குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டுவார்கள். முதியவர்களுக்கு எஸ்சிட்டலோபிராம் பொதுவாக 10 மில்லிகிராமுக்கு மேல் போவதில்லை. மேலே போனால் இதயத் துடிப்பின் சீர் கெடும் அபாயம் உண்டு. "மருமகளுக்கு இருபது, எனக்கு மட்டும் அஞ்சா?" என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

கால் எரிச்சலுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலினும் பழைய மனச்சோர்வு மருந்துதான். புராஸ்டேட் வீக்கம், கிளாக்கோமா, கடும் மலச்சிக்கல் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எதோடு எது சேரக்கூடாது?

* பிரஷருக்கான நீர் மாத்திரை: எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் வகையோடு சேரும்போது ரத்தத்தில் சோடியம் உப்பு குறையலாம். முதல் சில வாரங்களில் தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். நீங்களாக உப்பை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

* ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரைகள்: அதே வகையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்கக்கூடாது.

* எங்கள் மருந்துகள்: இதை நான்தான் சொல்ல வேண்டும். மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று எண்ணாதீர்கள். அமுக்கரா தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தத்தைக் கூட்டலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகம் சாப்பிட்டால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். 'நரம்புத் தளர்ச்சிக்கு' என்று கடையில் வாங்கும் அரிஷ்டங்கள் புளிக்கவைத்துத் தயாரிப்பவை. அவற்றில் ஆல்கஹால் உண்டு. தூக்க மாத்திரையும் ஆல்கஹாலும் சேரவே கூடாது. மனநல மருத்துவரிடம் சித்த மருந்தை மறைக்காதீர்கள். சித்த மருத்துவரிடம் ஆங்கில மாத்திரையை மறைக்காதீர்கள்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

1. எல்லா மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

2. வாரத்துக்கு ஏழு அறைகள் உள்ள மாத்திரை டப்பா வாங்கிக் கொடுங்கள். "சாப்பிட்டேனா, இல்லையா?" என்ற குழப்பத்தில் இரண்டாம் முறை விழுங்குவது நிற்கும்.

3. ஒரு வேளை மறந்தால், நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது.

4. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள்.

5. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, பைத்தியக்கார மாத்திரையை எதுக்குத் தர்றே?" என்று அப்பா கோபித்துக்கொண்டால் சாம்பாரில் கலந்து கொடுக்காதீர்கள். மருத்துவரையே விளக்கச் சொல்லுங்கள். நம்பி விழுங்கும் மாத்திரைதான் நாள்பட நிற்கும்.

திடீர்க் குழப்பம், கீழே விழுதல், வலிப்பு, சிறுநீர் அடைப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்?" என்ற பேச்சு வந்தால் 'சும்மா புலம்பல்' என்று ஒதுக்காதீர்கள், மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் பூட்டி வையுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

காலை நடை, நேரத்துக்குச் சாப்பாடு, பேரக்குழந்தைகளோடு பேச்சு, மூச்சுப்பயிற்சி எல்லாமே நல்லதுதான். அவை மருந்துக்குத் துணை. மருந்துக்குப் பதில் அல்ல. இன்று மாலை வீட்டுப் பெரியவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து, எது எந்த வகை என்று சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புரியாததை அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.