குடலையில் வெந்த இட்லி குடலுக்குள் போனால்...

சென்ற ஆடி மாதம் ஒரு காலை நேரம். உத்திரமேரூரை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து, இரண்டு வயதுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஆயா என் வைத்தியசாலைக்கு வந்தார். குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

"நேத்திலேர்ந்து வவுத்தால போவுது தம்பி. தண்ணி குடுத்தா தண்ணியாவே போவுது. அதான் சோறு தண்ணி எல்லாத்தையும் நிறுத்திட்டேன்" என்றார்.

அந்த ஆயா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. 'உள்ளே போனால்தானே வெளியே வரும்' என்பது அவர் கணக்கு. படித்த வீடுகளிலும் இதே கணக்கைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கு தப்பு. ஏன் தப்பு என்று தெரிய வேண்டுமானால், நாம் சாப்பிடுவது உள்ளே போய் என்ன ஆகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வாருங்கள், நம்ம ஊர் இட்லியின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவோம்.

வாயில் ஒரு வைத்தியசாலை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூங்கில் குடலையில் மந்தாரை இலையை வைத்து, மாவில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து ஆவியில் வேகவைப்பது. மாவு புளிக்கும்போதே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செரிமான வேலையில் கொஞ்சத்தை நமக்காக முடித்துவிடுகின்றன. சுக்கும் மிளகும் நாக்கில் பட்டதுமே உமிழ்நீர் ஊறுகிறது.

ஒரு நாளைக்கு நமக்குச் சுரக்கும் உமிழ்நீர் எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்! அதில் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. இட்லியை நன்றாக மென்று பாருங்கள், கடைசியில் லேசாக இனிக்கும். மாவு சர்க்கரையாக மாற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டி.வி. பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டு விழுங்குகிறவர்கள் இந்த முதல் வைத்தியசாலையை மூடிவிடுகிறார்கள்.

இரைப்பை என்னும் உரல்

விழுங்கிய கவளம் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயில் இறங்குகிறது. சும்மா விழுவதில்லை. குழாயின் தசைகள் பிசைந்து பிசைந்து தள்ளுகின்றன.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் காத்திருக்கிறது. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவை இங்கேயே அழிகின்றன. இட்லியில் உள்ள உளுந்தின் புரதத்தைப் பெப்சின் என்ற நொதி வெட்ட ஆரம்பிக்கிறது. இவ்வளவு காரமான அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதா? அரிக்காது. உள்பக்கம் முழுக்கச் சளிப்படலம் பூசியிருக்கிறது. இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் உரலில் ஆட்டியதுபோல ஆட்டி, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது.

சித்த மருத்துவம் பசியை நெருப்பு என்று சொல்கிறது. அடுப்பில் முதலில் வைத்த விறகு எரிவதற்குள் மேலே மேலே அடுக்கினால் புகைதான் வரும். முன்பு உண்டது செரித்த பிறகே அடுத்த வேளை உண்ண வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் இதைத்தான் வலியுறுத்துகிறது.

சிறுகுடலில்தான் உண்மையான சாப்பாடு

இதுவரை நடந்தது சமையல்தான். பந்தி போடுவது சிறுகுடலில். கல்லீரலிலிருந்து பித்தநீர், கணையத்திலிருந்து கணையநீர் இரண்டும் வந்து சேர்கின்றன. தட்டுப் பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெயைச் சோப்பு பிரிப்பது போல, பித்தநீர் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணையநீர் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கிறது.

சுமார் 6 மீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயின் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். மடிப்புகள், மடிப்பின் மேல் குடலுறிஞ்சிகள், அவற்றின் மேல் இன்னும் நுண்ணிய இழைகள். பத்துப் பட்டுப்புடவைகளை மடித்து ஒரே பீரோ தட்டில் வைத்துவிடுகிறீர்கள் அல்லவா? அதே தந்திரம்தான். மடிப்புகளை எல்லாம் விரித்தால் சுமார் 30 சதுர மீட்டர் பரப்பு வரும். டென்னிஸ் மைதானம் அளவு என்று நான் கல்லூரியில் படித்தேன். 2014-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் மறுபடி கணக்கிட்டு அதைக் குறைத்துவிட்டார்கள்.

இங்கே சர்க்கரையும் புரதத் துணுக்குகளும் ரத்தத்தில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு மட்டும் நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போகிறது.

இரண்டு சாவிப் பூட்டு

பேங்க் லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். ஒன்று உங்களிடம், இன்னொன்று பேங்கில். சிறுகுடலிலும் அப்படி ஒரு கதவு இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். திறந்தால் இரண்டும் உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்தச் சேர்க்கையை விளக்கினார். முக்கியமான விஷயம், காலரா வந்து குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலும் இந்தக் கதவு வேலை செய்கிறது!

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தில் உள்ள பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சாவு எண்ணிக்கை பல மடங்கு குறைந்தது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு நாடு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது.

கடைமடையில் ஒரு புதையல்

நாம் குடிப்பதும் உள்ளே சுரப்பதுமாக ஒரு நாளில் சுமார் 9 லிட்டர் நீர் குடலுக்குள் ஓடுகிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் எடுத்துக்கொள்ள, மீதியைப் பெருங்குடல் உறிஞ்சுகிறது. மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிதான்.

சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவரும் மாவைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் உண்டு, சிலவகைக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. இவையும் உப்பையும் நீரையும் உடம்புக்குள் இழுக்கின்றன. நம் பக்கத்து ஊரான வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 48 காலரா நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். எளிதில் செரிக்காத சோள மாவை உப்புச் சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தபோது பேதியின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. 2000-ல் இந்த முடிவு வெளியானது. ஆறிய சோற்றிலும் இதுபோன்ற செரிக்காத மாவு கொஞ்சம் உருவாகிறது. உடம்பு நன்றாக இருக்கும்போது பழைய சோறு பெருங்குடல் நுண்ணுயிர்களுக்கு நல்ல தீனி. அதற்காகப் பேதிக்கு வைத்தியம் என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று?

நான் அப்போது சூரணம் எதையும் தேடவில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டச் சொன்னேன். புகட்டிக்கொண்டே ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினேன். "மறுபடி போவுமே தம்பி?" என்றார் ஆயா. "போகட்டும் ஆயா. போறதைவிட அதிகமா உள்ள ஏறும்" என்றேன். நான்காம் நாள் அந்தப் பொடியன் கையில் பன்னோடு என் வாசலில் நடந்து வந்தான்.

வீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பாதி பாதியாகக் கரைக்காதீர்கள்.
* பாக்கெட் இல்லாவிட்டால், காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. அளவு கூடினால் ஆபத்து.
* ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 2 வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெதுவாகத் தொடருங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் ஆன கரைசலைக் கொட்டிவிடுங்கள்.
* தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தவே கூடாது. துத்தநாக மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
* கண் குழி விழுதல், சிறுநீர் போகாமை, ரத்தபேதி, மயக்கமான தூக்கம், குடித்ததெல்லாம் வாந்தி... இதில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். என்னைப் போன்ற நாட்டு வைத்தியரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பேதியாகும் குழந்தையின் குடல் வேலைநிறுத்தம் செய்யவில்லை. கதவைத் திறக்கச் சாவிக்காகக் காத்திருக்கிறது. அந்தச் சாவி உங்கள் சமையலறை அலமாரியில்தான் இருக்கிறது.